தப்பான பக்கத்தில் ஒரு சிப்

மார்ச் பதினேழாம் தேதி காலை, பல்கலைக்கழக மின்னணுப் பொறியியல் துறையின் இரண்டாம் மாடி ஆய்வகத்தில், இறுதியாண்டு மாணவர்களின் புராஜெக்ட்கள் வைக்கப்பட்ட நீள மேஜையில், ஒரே வேலையைச் செய்யும் ஒரே அமைப்புள்ள இரண்டு கருவிகள் இருந்தன.

மருத்துவமனைக் கட்டிலருகே தொங்கும் குளுக்கோஸ் பாட்டில் தீரப்போகும் நேரத்தில் சத்தம் எழுப்பும் கருவி அது. ஒன்று துறையின் முதல் மாணவனுடையது. கறுப்பு உலோகப் பெட்டி. உள்ளே தொழிற்சாலையில் செய்து வாங்கிய பச்சை நிற போர்டு. மற்றொன்று ஒரு தையற்காரரின் மகளுடையது. பிளாஸ்டிக் சோப்பு டப்பா. உள்ளே கையால் செய்த பழுப்பு நிற போர்டு. முதல் மாணவன் ஒரு நாள் முந்திச் சமர்ப்பித்திருந்தான். ஆகவே பெண்தான் காப்பியடித்தாள் என்று துறை முடிவுகட்டியது. விசாரணைக் குழு பத்தொன்பதாம் தேதி பிற்பகல் மூன்று மணிக்குக் கூடுவதாக இருந்தது. குற்றம் உறுதியானால் அவளைப் பல்கலைக்கழகத்தை விட்டு நீக்குவார்கள். நான்கு வருடப் படிப்பு அத்தோடு முடிந்துவிடும்.

பத்தொன்பதாம் தேதி காலை, தையற்காரர் அழைத்ததன் பேரில், மேடம் அந்த ஆய்வகத்துக்குள் நுழைந்தார்.

மேடம் இன்ஷூரன்ஸ் கம்பெனியில் இருந்தவர். கடை தானாக எரிந்ததா, முதலாளி எரித்தாரா என்று சாம்பலைக் கிளறிச் சொல்வது அவர் வேலையாக இருந்தது. அந்த வேலையை விட்ட பிறகு தனியாகத் துப்பறியும் அலுவலகம் வைத்திருந்தார். எல்லோரும் அவரை மேடம் என்றே அழைத்தார்கள், கணவர் உள்பட. அவருடைய உதவியாளனுக்குப் பட்டப்பெயர் அரியர். வேறொரு கல்லூரியில் இதே மின்னணுப் பொறியியல் படித்து, சில பேப்பர்களைப் பாக்கி வைத்துவிட்டு வெளியே வந்தவன். வயது முப்பதைத் தாண்டியும் பேப்பர்கள் பாக்கியாகவே இருந்தன.

"வாசனையே மாறலை மேடம்," என்றான் அரியர், மூக்கை உறிஞ்சி. "ஈயம் உருக்கற சால்டர் புகை, பழைய மின்விசிறி, பயம். மூணும் கலந்தா எலக்ட்ரானிக்ஸ் லேப்."

இரண்டு மாணவர்களுக்கும் வழிகாட்டியாக இருந்த பேராசிரியர் மேஜைக்கு அந்தப் பக்கம் நின்றார். மாணவர்கள் அவரை கைடு என்பார்கள். சட்டைப் பையில் இரண்டு பேனா, கையில் ஒரு சாவிக்கொத்து. அவருக்குப் பக்கத்தில் முதல் மாணவன். கல்லூரி முழுக்க அவனுக்கு மெடல் என்று பெயர். மெடலை இன்னும் யாரும் கொடுக்கவில்லை என்பது ஒரு சம்பிரதாயம் மட்டுமே.

"பாத்துக்கோங்க. தொட வேண்டாம்," என்றார் கைடு. "ஆனா ஒண்ணு சொல்லிடறேன். போர்டெல்லாம் பேசாது மேடம். தேதிதான் பேசும். யார் முதல்ல வச்சாங்களோ, அவங்களோடது."

"எங்க ஊர் ரேஷன் கடை கியூகூட இப்படித்தான் சார் நடக்குது," என்றான் அரியர்.

மேடம் செல்போன் விளக்கைப் போட்டுக்கொண்டு சோப்பு டப்பாவுக்குள் குனிந்து பார்த்தார். பிறகு கறுப்புப் பெட்டிக்குள். பச்சை போர்டில் ஈயப் பொட்டுகள் புதுப் பாத்திரம்போல மின்னின. சோப்பு டப்பாவுக்குள் இருந்தவை மங்கிக் கிடந்தன. டப்பா மட்டும் புத்தம் புதுசு. மூடியில் கடைச் சீட்டை உரித்த பசை இன்னும் பிசுபிசுத்தது.

அரியரும் குனிந்தான். நிமிர்ந்தபோது அவன் முகத்தில் ஒரு மாதிரியான மரியாதை தெரிந்தது. மெடலிடம் திரும்பினான்.

"தம்பி, ஒரு சந்தேகம். சிப்பு, மத்த சாமானெல்லாம் போர்டுக்கு மேல் பக்கம் உட்காரும். செம்புக் கோடு கீழ்ப் பக்கம் ஓடும். அதுதானே வழக்கம்? நீங்க மட்டும் சிப்பைத் தூக்கி செம்புப் பக்கம் வச்சிருக்கீங்களே, ஏன்?"

மெடல் இந்தக் கேள்விக்குத் தயாராக இருந்தான். "வெப்பம் சார். சிப் செம்புக்குப் பக்கத்துல இருந்தா சூடு சீக்கிரம் வெளியேறும். என் டிசைன்ல அதுதான் புதுமை. ரிப்போர்ட்லயும் எழுதியிருக்கேன்."

"நல்ல சிந்தனை," என்றார் கைடு. "அதையும் சேத்துத்தான் அந்தப் பொண்ணு காப்பியடிச்சிருக்கு."

"ரொம்ப சரி சார்," என்று அரியர் கும்பிட்டான்.

மாடிப்படியில் ஒரு திருப்பம் இறங்கும்வரை அடக்கிக்கொண்டு வந்தான். பிறகு கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு சிரித்தான்.

"அந்த சிப்பு சூடாகணும்னா அடுப்புலதான் மேடம் வைக்கணும்! அது குடிக்கிற கரண்ட்டுக்குக் கொசுகூட சாகாது. வெப்பமாம், புதுமையாம்!"

"அப்ப ஏன் அந்தப் பக்கம் இருக்கு?"

"தப்பு மேடம். பச்சைத் தப்பு. எங்க செட்ல பாதிப் பேர் பண்ணினது. ஆனா அந்தத் தப்பைக் கையால போர்டு செய்யறவன்தான் பண்ண முடியும்."

கேன்டீனில் தையற்காரர் மகளோடு காத்திருந்தார். கடையைப் பாதியில் விட்டு வந்தவர். அளவு நாடா கழுத்திலேயே கிடந்தது. மகள் டீயைத் தொடாமல் உட்கார்ந்திருந்தாள். அரியர் ஒரு காகித நாப்கினை எடுத்து மேஜையில் வைத்து விளக்க ஆரம்பித்தான்.

"ஐயா, கவனிங்க. போர்டுல செம்புக் கோடு எப்படி ஓடணும்னு கம்ப்யூட்டர்ல வரைவோம். அதைப் பேப்பர்ல பிரின்ட் எடுப்போம். அந்தப் பேப்பரைச் செம்புத் தகட்டு மேல கவுத்துப் போட்டு இஸ்திரி போட்டா, சூட்டுல மை கழண்டு தகட்டுல ஒட்டிக்கும். அப்புறம் தகட்டை ஒரு கரைசல்ல போட்டா, மை இல்லாத இடத்துச் செம்பை அது தின்னுடும். மை இருக்கிற கோடு மட்டும் மிஞ்சும். சரியா?"

"சரி தம்பி."

"பேப்பரைக் கவுக்கும்போது படம் தானா இடம் வலம் மாறிக்கும். அது போதும். ஆனா ரொம்ப ஜாக்கிரதையான பசங்க என்ன பண்ணுவாங்கன்னா, எங்கயோ 'திருப்பணும், திருப்பணும்'னு காதுல விழுந்திருக்கும், பிரின்ட் எடுக்கும்போதே கம்ப்யூட்டர்லயும் ஒரு தடவை திருப்பிடுவாங்க. இஸ்திரி போடும்போது இன்னொரு தடவை திரும்பும். ஆக மொத்தம்..."

"ரெண்டும் இடது கையாயிடும்," என்றார் தையற்காரர்.

அரியர் நாப்கினை விட்டு நிமிர்ந்தான்.

"துணியை மடிச்சுப் போட்டு வெட்டும்போது திருப்ப மறந்தாலும், தேவையில்லாம திருப்பினாலும் ரெண்டு கையும் இடது கையா வந்துடும் தம்பி. நான் தொழில் கத்துக்கிட்டப்ப ஒரு மாப்பிள்ளைச் சட்டையையே அப்படி வெட்டியிருக்கேன். உதை வாங்கினேன்."

"அதேதான் ஐயா! அப்படி ஒரு போர்டு வந்துட்டா, சிப்பை மேல் பக்கமா வச்சா ஒவ்வொரு காலும் தப்பான ஓட்டைக்குத்தான் போகும். வேற வழியில்லாம சிப்பைத் தூக்கி செம்புப் பக்கம் வைக்கணும். அப்ப பொருந்தும், வேலையும் செய்யும். அசிங்கமா இருக்கும், அவ்வளவுதான். உங்க பொண்ணோட போர்டுல அது இருக்கறதுக்குக் காரணம் இருக்கு. மெடலோடது ஃபேக்டரி போர்டு. அங்க இஸ்திரியும் கிடையாது, திருப்பறதும் கிடையாது. அதுல ஏன் சிப்பு அந்தப் பக்கம் உட்காரணும்?"

தையற்காரர் முகம் மெல்ல மலர்ந்தது. "அளவுக்குக் கொடுத்த சட்டையில ஒட்டு இருந்தா, ஒட்டையும் பாத்துத் தைச்சிருக்கான்."

"ஐயா, நீங்க எங்க டிபார்ட்மென்ட்ல இருந்திருந்தா நான் பாஸ் பண்ணியிருப்பேன்."

தையற்காரர் மகளின் தோளைத் தட்டினார். "கேட்டியாம்மா? நான் சொல்லலை? உன் கை வேலை உன் கை வேலைதான்." அவள் தலையை ஆட்டினாள். கண் மேஜையிலேயே இருந்தது.

மேடம் டீயை ஒரு வாய் குடித்துவிட்டுக் கேட்டார். "போர்டை இஸ்திரி போட்ட பெட்டியைக் கொண்டு வர முடியுமா? குழு முன்னால வச்சா நல்லா இருக்கும். அடியில மை ஒட்டியிருக்கும்."

"அதுக்கென்ன, கொண்டு வந்துட்டாப் போச்சு," என்றார் தையற்காரர். "எந்தப் பெட்டி?"

"வீட்டுப் பெட்டி."

"வீட்டுல ஏது மேடம் பெட்டி? கடையில இருக்கறது ஒண்ணுதான்." மகளைப் பார்த்தார். "கடைக்கு வந்தாம்மா போட்டே? எப்போ?"

"நீங்க சாப்பிடப் போயிருந்தப்போப்பா."

"நான் எங்க போறேன்? கடையிலயே உட்கார்ந்துதானே சாப்பிடறேன்?" என்று சிரித்தார். "சரி, வெளிய எங்கயாவது போயிருப்பேன். வயசாச்சு, மறந்துடுது."

"கரைசலை எதுல கலந்த?" என்று மேடம் அவளிடம் கேட்டார். சாதாரணமாகத்தான் கேட்டார்.

"பாத்ரூம்ல... பக்கெட்ல."

"எந்தப் பக்கெட்டும்மா? நீலமா?" என்றார் அப்பா.

அவள் பதில் சொல்லுமுன் மேடம் எழுந்துகொண்டார். "ரெண்டரை மணிக்கு மேல் மாடியில பாக்கலாம். நீங்க சாப்பிடுங்க."

வெளியே மர நிழலில் வந்து நின்றதும் அரியரைக் கேட்டார். "அந்தக் கரைசல் தரையில கொட்டினா என்ன ஆகும்?"

"காவி நிறத்துல கறை பிடிக்கும். பிடிச்சா பிடிச்சதுதான். என் சட்டை ஒண்ணு இருக்கு, துவைச்சுத் துவைச்சு துணி போச்சு, கறை போகலை. விரல்ல பட்டா நகத்துக்கடியில பல நாள் நிக்கும்." சொல்லிக்கொண்டே வந்தவன் நின்றான். "அந்தப் பொண்ணு கையை நீங்க பாத்தீங்களா?"

"பாத்தேன். கறையே இல்லை. ஈயத்தையும் பாத்தேன். டப்பா புதுசு. உள்ள இருக்கற ஈயம் பழசு. புகை பழசா புதுசான்னு பாத்தே எனக்கு முடி நரைச்சுது, அரியர். அந்த போர்டுக்கு ஒரு வருஷமாவது இருக்கும்."

"அப்ப அது..."

"அந்தப் பொண்ணோடதும் இல்லை."

"நம்ம கட்சிக்காரர் மேடம் அவங்க," என்றான் அரியர்.

"தெரியும். போர்டு செய்யற பசங்க இங்க அதை எங்க செய்வாங்க?"

"லேப்ல விடமாட்டாங்க, சிங்க் நாசமாகும்னு. வெளியூர்ப் பசங்கன்னா ஹாஸ்டல் பாத்ரூம்தான்."

ஆண்கள் விடுதியின் முன்னறையைத் தாண்டி மேடத்தை விடவில்லை. வார்டன் அங்கேயே நாற்காலி போட்டார். அரியர் கறை என்ற சொல்லை எடுத்ததுமே அவர் முகம் கறுத்தது.

"அந்தப் பேச்சே எடுக்காதீங்க சார். ரெண்டாம் மாடி பாத்ரூம். அப்ப புதுசா டைல்ஸ் போட்டு ஆறு மாசம்கூட ஆகலை. ஒருத்தன் என்னமோ மருந்தை வச்சுத் தகடு கழுவறேன்னு தரை பூரா கொட்டிட்டான். ஆசிட் போட்டேன், சோடா போட்டேன், உப்புத்தாள் வச்சுத் தேய்ச்சேன். வர்ற பெத்தவங்கல்லாம் என்னமோ கொலை நடந்த மாதிரி பாக்கறாங்க."

"அவன் பேரு என்ன சார்?"

"பேரு யாருக்கு ஞாபகம்? பட்டப்பேரு கறைன்னாதான் தெரியும். போன வருஷக் கடைசி செட். நல்ல பையன்தான், சொல்லக் கூடாது. கொட்டினதுக்கு மூணு நாள் அவனே உட்கார்ந்து தேய்ச்சான்."

"இப்ப எங்க வேலை பாக்கறான்?"

வார்டன் கேட்டுக்கு வெளியே மோவாயால் காட்டினார். "எதிர்ல ஜெராக்ஸ் கடை. புராஜெக்ட்ல ஃபெயிலு. ஊருக்குப் போக மூஞ்சி இல்லைன்னு அங்கேயே நின்னுட்டான்."

ஜெராக்ஸ் கடை நான்கு பேர் நின்றால் நிறைந்துவிடும். இரண்டு இயந்திரங்கள், ஒரு கம்ப்யூட்டர், சுவரோரம் பைண்டிங் போட்டு அடுக்கிய புராஜெக்ட் ரிப்போர்ட்கள். கல்லாவில் கடைக்காரர் தூங்கிக்கொண்டிருந்தார். ஒல்லியான ஓர் இளைஞன் ஒரு மாணவிக்கு ஏதோ பிரின்ட் எடுத்துக்கொண்டிருந்தான். திரையில் கோடுகள் ஓடும் போர்டுப் படம்.

"இஸ்திரி போட்டு எடுக்கப் போறீங்களா?" என்று அவளைக் கேட்டான்.

"ஆமா அண்ணா. திருப்பி எடுங்க. திருப்பணும்னு சொன்னாங்க."

"வேண்டாம்மா. நேராவே எடுத்துட்டுப் போங்க. கவுக்கும்போது அது தானா திரும்பிக்கும். இங்கயும் திருப்பிட்டா சிப் தப்பான பக்கம் உட்கார்ந்துடும்."

மேடமும் அரியரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். மாணவி போனதும் அரியர் கவுன்ட்டரில் சாய்ந்தான்.

"எல்லாருக்கும் இப்படிச் சொல்லித்தான் கொடுப்பீங்களா?"

"கேக்கறவங்களுக்கு மட்டும். என்ன எடுக்கணும் சார்?"

"ஒரு குளுக்கோஸ் பாட்டில் அலாரம்," என்றார் மேடம்.

இளைஞன் இயந்திரத்தை நிறுத்தினான். ஓடிக்கொண்டிருந்த ஓசை அடங்கியதும் கடை திடீரென்று பெரிதானதுபோல இருந்தது. யார் நீங்கள் என்று அவன் கேட்கவில்லை. மேடமே சொன்னார்: தையற்காரரின் மகளுக்காக வந்திருப்பதை, மூன்று மணி விசாரணையை, இரண்டு போர்டுகளை.

"எங்கம்மா ஆஸ்பத்திரியில இருந்தாங்க," என்றான் அவன். "பாட்டிலையே பாத்துட்டு இருன்னு நர்ஸ் சொல்லிட்டுப் போயிட்டாங்க. நான் தூங்கிட்டேன். முழிச்சுப் பாத்தா பாட்டில் காலி, டியூப்ல ரத்தம் ஏறியிருக்கு. அம்மாவுக்கு ஒண்ணும் ஆகலை. ஆனா அன்னைக்கே முடிவு பண்ணினேன், புராஜெக்ட் இதுதான்னு."

"வேலை செஞ்சுதா?"

"வாய்மொழித் தேர்வு, அந்த வைவாலயே அடிச்சுது மேடம். நல்லா அடிச்சுது. வெளியிலிருந்து வந்த எக்ஸாமினர் போர்டைத் திருப்பிப் பாத்தாரு. 'சிப்பை எந்தப் பக்கம் வைக்கணும்னே தெரியாதவனுக்கு டிகிரியா?'ன்னு சிரிச்சாரு. கைடும் சேர்ந்து சிரிச்சாரு. ஃபெயில் போட்டுட்டாங்க. கருவி டிபார்ட்மென்ட்டுக்குச் சொந்தம்னு அலமாரியில வச்சுப் பூட்டிட்டாரு."

"சாவி?"

"கைடு கையிலதான். வேற யாருக்கும் தரமாட்டாரு."

மேடம் காலையில் பார்த்த சாவிக்கொத்தை நினைத்துக்கொண்டார். "அதனாலதான் அது போன வருஷத்து போர்டுன்னு அவர் வாய் திறக்கலை," என்றார், அரியருக்குச் சொல்வதுபோல. "திறந்தா, பூட்டின அலமாரியில இருந்தது மெடல் கைக்கு எப்படிப் போச்சுன்னு கேப்பாங்க. தேதி, தேதின்னு ஒரே பாட்டா பாடினாரே, இதுக்குத்தான்."

"இந்த வருஷம் ரெண்டு பேர் அதையே வச்சிருக்காங்கன்னு தெரியுமா உனக்கு?" என்று அரியர் கேட்டான்.

இளைஞன் சுவரோர அடுக்கைப் பார்த்தான். "ரெண்டு ரிப்போர்ட்டுக்கும் நான்தான் சார் பைண்டிங் போட்டேன்."

"படிச்சியா?"

"பைண்டிங் போடறவன் படிக்கக் கூடாதா? அந்தப் பையன் ரிப்போர்ட்ல என் தப்புக்குத் தனித் தலைப்பே இருக்கு. வெப்ப மேலாண்மையில் புதிய அணுகுமுறை." அவன் சிரிக்கப் பார்த்தான், சரியாக வரவில்லை. "ஓரம் பிசிறில்லாம வெட்டித்தான் கொடுத்தேன்."

அரியர் கவுன்ட்டரில் இருந்த ஸ்டேப்ளரை எடுத்து எடுத்து வைத்துக்கொண்டிருந்தான்.

"மூணு மணிக்கு வந்து இதைச் சொல்லுவியா?" என்றார் மேடம்.

"மாட்டேன் மேடம்."

"ஏன்?"

"மே மாசம் அரியர் வைவா. திரும்பச் செஞ்சிருக்கேன்." கவுன்ட்டருக்கு அடியிலிருந்து ஒரு செருப்பு அட்டைப்பெட்டியை எடுத்துத் திறந்தான். உள்ளே பஞ்சு சுற்றிய புது போர்டு. சிப் மேல் பக்கம், நேராக, அழகாக உட்கார்ந்திருந்தது. "இந்தத் தடவை எல்லாம் சரியான பக்கம். கையெழுத்துப் போட வேண்டியது அதே கைடு. இன்னைக்கு அவர் மேல சொல்லிட்டு, மே மாசம் அவர் முன்னால எப்படிப் போய் நிப்பேன்? பாஸ் பண்ணிட்டு ஊருக்குப் போகணும் மேடம். என் பேரைச் சொல்லாதீங்க. தயவு பண்ணி."

மேடம் அந்த போர்டை வெகுநேரம் பார்த்தார். "சரி," என்றார்.

விசாரணை அறைக்கு வெளியே நீண்ட வராந்தா. ஒரு பெஞ்சு. தையற்காரர் புதுச் சட்டை மாற்றிக்கொண்டு வந்திருந்தார். அளவு நாடாவை மட்டும் கழற்ற மறந்திருந்தார். மேடம் அவரை உட்காரச் சொன்னார். மகளைப் பார்த்து, "நீ சொல்றியா, நான் சொல்லட்டுமா?" என்றார்.

அவள் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு சொன்னாள். அவள் சொந்தமாகச் செய்த கருவி வேலை செய்யவே இல்லை. ஓட்டை போட்ட ரெடிமேட் போர்டு வாங்கி மூன்று முறை செய்தாள், மூன்று முறையும் சிப் எரிந்தது. கைடு அறை வாசலில் பல நாள் நின்றாள். மெடலோடு பேசிக்கொண்டிருப்பார், நாளைக்கு வா என்பார். ஒருநாள் மெடலோடு பேச்சை விட முடியாமல், மிச்சச் சாமான்களை அலமாரியில் வைக்கச் சொல்லி அவளிடமே சாவியைக் கொடுத்தார். மூலையில் தூசியோடு இது கிடந்தது. பேட்டரி மாட்டிப் பார்த்தாள். உடனே அடித்தது.

"யாரோ தூக்கிப் போட்டதுன்னு நினைச்சேன்ப்பா. மெடல் ஏற்கனவே அதைப் பாத்துச் செஞ்சது எனக்குத் தெரியாது. சத்தியமா தெரியாது."

தையற்காரர் மகளைப் பார்க்கவில்லை. நாடாவைக் கழற்றி, விரலில் சுற்றி, அவிழ்த்து, மறுபடி சுற்றினார்.

"கடைப் பெட்டி சூடாகி இறங்க எவ்வளவு நேரமாகும்னு எனக்குத் தெரியும்," என்றார் கடைசியில். "நீ தொட்டிருந்தா தெரிஞ்சிருக்கும். நீ சொன்னது பொய்ன்னு காலையிலேயே தெரிஞ்சுது." மேடத்திடம் திரும்பினார். "காலையில தம்பி சொன்னது பொய் இல்லையே?"

"இல்லை. மெடல் காப்பியடிச்சது நிஜம்."

"அப்ப அது போதும்."

"அது பாதிதான் ஐயா."

"பாதித் துணியிலயும் மானம் மறையும் மேடம்."

"நான் உள்ள வந்தா முழுசாத்தான் பேசுவேன்."

தையற்காரர் எழுந்து நாடாவைச் சட்டைப் பைக்குள் போட்டார். "அப்படின்னா நீங்க வர வேண்டாம்," என்றார். குரலில் கோபம் இல்லை. மகளின் கையைப் பிடித்துக்கொண்டு உள்ளே போனார். கதவு சாத்தப்பட்டது.

"போய்ச் சொல்லிடலாம் மேடம்," என்றான் அரியர். "கதவைத் தாழ் போடலை."

"யாருக்காகச் சொல்றது? பொருளுக்குச் சொந்தக்காரனே நம்ம வாயைக் கட்டிட்டான்."

"நம்ம பேரு துப்பறிவாளர்."

"கண்டுபிடிச்சாச்சே. உட்காரு."

கதவின் மேலிருந்த காற்றுத் திறப்பு வழியாகக் குரல்கள் வந்தன. முதலில் கைடு, தேதிகளைப் படித்தார். பிறகு மெடல், வெப்பத்தைப் பற்றி. அதற்குப் பிறகு தையற்காரர். அவசரமில்லாமல் பேசினார். மடித்த துணி, கவிழ்த்த காகிதம், இரண்டு இடது கை. இஸ்திரியே படாத பச்சை போர்டில் அந்தத் தப்பு எப்படி வந்தது என்று மட்டும் கேட்டார். தன் மகள் அதை எங்கே இஸ்திரி போட்டாள் என்பதைச் சொல்லவில்லை. யாரும் அவரைக் கேட்கவும் இல்லை.

உள்ளே காகிதங்கள் புரளும் சத்தம் கேட்டது. பிறகு கைடின் குரல் வந்தது. காலையில் இருந்த கறார் அதில் இல்லை. "ஐயா, நீங்க முதல்ல உட்காருங்க. தண்ணி கொண்டு வாங்கப்பா ஐயாவுக்கு. இதுல ஒருத்தர் பார்த்து ஒருத்தர் செஞ்சாங்கன்னு நாம ஏன் எடுத்துக்கணும்? ஒரே கைடு, ஒரே லேப். ரெண்டு பிள்ளைங்களுக்கும் தனித்தனியா ஒரே யோசனை வரக் கூடாதா?"

"பயந்துட்டான்," என்றான் அரியர் மெதுவாக. "ஐயாவுக்கு எவ்வளவு தெரியும்னு அவனுக்குத் தெரியலை. அலமாரி வரைக்கும் போகுமோன்னு பயந்துட்டான்."

மேடம் எதிர்ச்சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். அங்கே முந்தைய ஆண்டுகளில் பதக்கம் பெற்றவர்களின் படங்கள் வரிசையாக மாட்டப்பட்டிருந்தன.

கதவு திறந்தது. குழு உறுப்பினர்கள் போனார்கள். தையற்காரர் மகளோடு மேடத்தைக் கடந்து போனார்; கும்பிட்டார், நிற்கவில்லை. மகள் மட்டும் ஒரு முறை திரும்பிப் பார்த்தாள். கடைசியாக கைடு வந்தார்.

"போர்டு பேசாதுன்னீங்களே சார்," என்றார் மேடம்.

"பேசினா, கேக்க ஆள் வேணுமே மேடம்," என்றார் அவர். சாவிக்கொத்தைப் பைக்குள் போட்டுக்கொண்டு படியிறங்கினார்.

அரியர் பெஞ்சிலிருந்து எழவில்லை. "ஒரு ஜோக் சொல்லு," என்றார் மேடம்.

"இல்லை மேடம்," என்றான்.

விசாரணைக் குழு, இரண்டு புராஜெக்ட்களும் தனித்தனியாகச் செய்யப்பட்டவை என்று பதிவு செய்து இரண்டையும் ஏற்றுக்கொண்டது. மே மாதம் நடந்த அரியர் வைவாவில் ஜெராக்ஸ் கடை இளைஞன் ஒரு குளுக்கோஸ் பாட்டில் அலாரத்தைச் சமர்ப்பித்தான். அந்த ஆண்டு ஏற்கனவே ஏற்கப்பட்ட இரண்டு புராஜெக்ட்களின் நகல் என்று அது நிராகரிக்கப்பட்டது. ஜூன் மாதப் பட்டமளிப்பு விழாவில் தையற்காரரின் மகள் பட்டமும், முதல் மாணவன் பட்டத்தோடு பதக்கமும் பெற்றார்கள். நிராகரிக்கப்பட்ட கருவி துறை அலமாரியில் வைத்துப் பூட்டப்பட்டது. அதில் சிப் சரியான பக்கத்தில் இருந்தது.